வேரியபிளுக்கெல்லாம் கமெண்ட் எழுதினால் க்ளாஸை மறுபடி பயன்படுத்தச் சுலபமாகுமா?

கேள்வி: 8 ஜனவரி 2025

ஜாவா என்ற ப்ரோக்ராமிங் மொழியில் எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கும் டீம் லீட், க்ளாஸில் (தகவலையும் அதைக் கையாளும் வேலைகளையும் சேர்த்து எழுதிய கோடுத் தொகுப்பு) உள்ள ஒவ்வொரு வேரியபிளுக்கும் (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) கமெண்ட் (படிப்பவருக்கான விளக்கக் குறிப்பு) இருந்தே ஆகவேண்டும் என்கிறார். அப்போதுதான் அடுத்த ப்ராஜெக்டில் அந்த க்ளாஸை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள முடியுமாம். பெயரை ஒழுங்காக வைத்தால் கமெண்ட் எதற்கு என்பது என் கட்சி. கமெண்ட் எழுதும் நேரத்தில் இரண்டு டெஸ்ட் எழுதலாம். நான் சொல்வது சரிதானே?

பதில்: 8 ஜனவரி, இரவு

பாதி சரி.

'கஸ்டமர்நேம்' என்ற ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துத் தொடர்) மேலே 'வாடிக்கையாளரின் பெயர்' என்று எழுதுவது, ஊறுகாய் பாட்டிலில் 'பாட்டில்' என்று சீட்டு ஒட்டுவது மாதிரி. லீட் கேட்பது இதைத்தான் என்றால் தாராளமாகச் சண்டை போடுங்கள்.

ஆனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு 'டைம்அவுட்' என்று ஒரு இன்ட் (முழு எண்) இருக்கிறது. பெயரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜாவாவிலேயே சாக்கெட்டின் (நெட்வொர்க் இணைப்பு) செட்எஸ்ஓடைம்அவுட் எதிர்பார்ப்பது மில்லி விநாடி. டேட்டாபேஸோடு பேச உதவும் ஜேடிபிசியின் செட்குவெரிடைம்அவுட் எதிர்பார்ப்பது விநாடி. இரண்டிலும் 0 கொடுத்தால் எல்லையே இல்லை, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். பைத்தானுக்குப் போனால் சாக்கெட்டின் செட்டைம்அவுட்டில் 0 என்பதற்கு நேர் எதிர்ப்பொருள்: ஒரு நொடிகூடக் காத்திருக்காதே. ஒரே சொல், மூன்று விதமான நடத்தை. உங்கள் க்ளாஸை எடுத்துப் போடுகிறவர் இதில் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

9 ஜனவரி

அலகைப் பெயரிலேயே வைத்துவிடலாமே, 'டைம்அவுட்மில்லிஸ்' என்று, எனக் கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், நல்ல பழக்கம். அதைவிட நல்லது வகையை (டைப், அதாவது வேரியபிளில் எந்த மாதிரி மதிப்பு போகலாம் என்பது) மாற்றிவிடுவது. ஜாவா 8 வந்த 2014லிருந்து கால அளவுக்கென்றே 'டியூரேஷன்' என்ற வகை இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் க்ளாஸுக்கு 'விநாடியா மில்லியா' என்ற கேள்வியே எழாது. பெயரும் வகையும் சொல்லக்கூடியதைக் கமெண்டில் எழுதக்கூடாது என்பதில் நான் உங்கள் கட்சிதான்.

டியூரேஷன் போட்ட பிறகும் பூஜ்யம் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். டியூரேஷன் ஜீரோ என்றால் காத்திருக்காதே என்றா, என்றைக்கும் காத்திரு என்றா? 'நல்' (மதிப்பே இல்லை என்பது) வந்தால்? மைனஸ் வந்தால்? வகை இதற்குப் பதில் சொல்லாது.

9 ஜனவரி, கொஞ்சம் கழித்து

சிறப்பு மதிப்பு பற்றி ஒரு நல்ல உதாரணம் ஞாபகம் வந்தது. ஜாவாவின் ஸ்ட்ரிங் க்ளாஸுக்குள் 'ஹேஷ்' என்று ஒரு பிரைவேட் ஃபீல்டு (க்ளாஸுக்கு வெளியே தெரியாத வேரியபிள்). ஒருமுறை கணக்கிட்ட ஹேஷ்கோடை (சீக்கிரம் தேடிப் பிடிக்க மதிப்பிலிருந்து கணக்கிடும் எண்) அதில் போட்டு வைத்துக்கொள்வார்கள். 0 இருந்தால் 'இன்னும் கணக்கிடவில்லை' என்று அர்த்தம். ஆனால் சில ஸ்ட்ரிங்குகளுக்கு ஹேஷ்கோடே நிஜமாக 0தான் வரும். அவற்றைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் மறுபடி முதலிலிருந்து கணக்கு. பல வருடம் இப்படியே ஓடியது. ஜேடிகே (ஜாவா தொகுப்பு) 13ல்தான் 'ஹேஷ்இஸ்ஜீரோ' என்று ஒரு பூலியனை (ஆம் அல்லது இல்லை) பக்கத்தில் வைத்தார்கள். உலகத்திலேயே அதிகமாகப் பயன்படுத்தப்படும் க்ளாஸ்களில் ஒன்று, அதிலேயே ஒரு பூஜ்யத்துக்கு இரண்டு அர்த்தம். நம்முடையது எம்மாத்திரம்.

11 ஜனவரி

சொந்த அனுபவம் ஒன்று. வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம்.

கடன் தவணை கணக்கிடும் க்ளாஸ் ஒன்றை இன்னொரு டீம் எழுதி வைத்திருந்தது. நன்றாக வேலை செய்தது, டெஸ்ட்டும் இருந்தது. எங்கள் ப்ராடக்டுக்கும் அதே கணக்கு வேண்டியிருந்ததால் எடுத்துக்கொண்டோம். அதில் 'ரேட்' என்று ஒரு டபுள் (தசம எண்). மேலே ஒரு வரி: 'வட்டி விகிதம்'. கமெண்ட் எழுதியாயிற்று, விதியை மதித்தாயிற்று.

அது 12ஆ, 0.12ஆ? உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கன்ஸ்ட்ரக்டர் (க்ளாஸிலிருந்து ஒன்றை உருவாக்கும் பகுதி) வாங்கிய எண்ணை 100ஆல் வகுத்துக்கொண்டது, இன்னொன்று வகுக்கவில்லை. வருடத்துக்கா மாதத்துக்கா என்பது இன்னும் தூரத்தில், தவணை போடும் மெத்தடில் (க்ளாஸுக்குள் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) 12ஆல் வகுக்கும் இடத்தைப் பார்த்தால்தான் தெரியும். 12 என்று கொடுத்தால் தவறு கண்ணை உறுத்தும், தவணை மலைபோல் வரும், யாரும் பிடித்துவிடுவார்கள். தொல்லை 1ல்தான். ஊழியர்களுக்கு 1 சதவீத வட்டியில் ஒரு சலுகைக் கடன் இருந்தது. 1 என்பது 1 சதவீதமா, 100 சதவீதமா? 'ஒன்றுக்கு மேல் இருந்தால் சதவீதம், இல்லாவிட்டால் பின்னம்' என்று யாரோ புத்திசாலித்தனமாக ஒரு இஃப் (நிபந்தனை) போட்டிருந்தார்கள். 1 அதில் தவறான பக்கம் விழுந்தது.

பிடித்தது டெஸ்டரும் இல்லை, டெவலப்பரும் இல்லை. கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மா, அட்டவணையைப் பார்த்த உடனே "தம்பி, இந்த ஆள் சம்பளம் முழுசும் தவணைக்கே போகுதே" என்றார்.

'ரேட்: வருட வட்டி, பின்னமாக. 12 சதவீதம் என்றால் 0.12.' இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த இஃப்பை எழுதவே யாருக்கும் தோன்றியிருக்காது.

12 ஜனவரி

"பிக்டெசிமல் போட்டிருக்க வேண்டும், டபுள் போட்டதுதான் தவறு" என்று சொல்லியிருப்பவருக்கு: சரிதான், தசமத்தைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும் வகை அது, ஆனால் பிக்டெசிமலிலும் 1 ஒன்றுதான்.

15 ஜனவரி

பொங்கல் விடுமுறை, கையில் நேரம் இருக்கிறது. 'மறுபடி பயன்படுத்துதல்' என்ற வார்த்தையை எடுத்தாலே சொல்லியாக வேண்டிய கதை ஒன்று உண்டு. பலருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் நம் கேள்விக்கு வேண்டிய பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். கிளம்பி ஏறக்குறைய 40 விநாடியில் திசை மாறி, உடைந்து, வெடித்தது. உள்ளே க்ளஸ்டர் திட்டத்தின் 4 செயற்கைக்கோள்கள். ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகம் என்று சொல்லும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4லிருந்து அப்படியே எடுத்தது. ஏடா மொழியில் எழுதியது. அதில் கிடைமட்ட வேகத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு மதிப்பு, 64 பிட் மிதவை எண். அதை 16 பிட் முழு எண்ணாக மாற்றுகிறார்கள். 16 பிட்டில் 32,767க்கு மேல் போகாது. ஏரியான் 5 புறப்படும்போதே ஏரியான் 4ஐவிட மிக அதிகமான கிடைமட்ட வேகம் எடுக்கும். எண் கொள்ளவில்லை, எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எழுந்தது, கருவி நின்றது. மாற்றுக்கருவி அதற்குச் சற்று முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது, இரண்டிலும் ஒரே மென்பொருள்தானே. நின்ற கருவி அனுப்பிய பழுது விவரத்தைப் பறக்கும் தகவல் என்று நினைத்து முதன்மைக் கணினி இன்ஜின் முனைகளைத் திருப்பியது.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். நமக்கு வேண்டியது இனிமேல். ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அதே ஜூலையில் அறிக்கை கொடுத்தது. இப்படி வழிந்துபோகும் ஆபத்துள்ள வேரியபிள்கள் 7 என்று எழுதியவர்களுக்கு முன்பே தெரியும். 4க்குப் பாதுகாப்புப் போட்டார்கள். கணினியின் பளு 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்ததால் 3ஐ விட்டுவிட்டார்கள். கவனக்குறைவால் விடவில்லை. அவை இயற்பியல்படியே எல்லைக்குள் நிற்கும், அல்லது நிறைய இடைவெளி இருக்கிறது என்று யோசித்து, பேசி, சம்பந்தப்பட்ட எல்லா நிறுவனங்களும் சேர்ந்து எடுத்த முடிவு. ஏரியான் 4க்கு அது சரியான முடிவும்கூட.

அந்த முடிவுக்கான காரணம் கோடில் எந்த இடத்திலும் எழுதப்படவில்லை என்று அறிக்கை சொல்கிறது. ஆவணங்கள் இருந்தன, மலைமலையாக. அந்த மலைக்குள் இந்த ஓர் அனுமானம் காணாமல் போனது. வெளியிலிருந்து சரிபார்க்க வந்தவர் கண்ணில் அது படவே வழியில்லை.

வேரியபிளுக்குப் பக்கத்தில் 'கிடைமட்டச் சாய்வு' என்று எழுதியிருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 'ஏரியான் 4 பாதையில் இது 16 பிட்டைத் தாண்டாது, அதனால் பாதுகாப்புப் போடவில்லை' என்று எழுதியிருந்தால், ஏரியான் 5க்கு அந்த க்ளாஸை, சரி, ஏடாவில் அது பேக்கேஜ், எடுத்தவர் அங்கே ஒரு நிமிடம் நின்றிருக்க வாய்ப்பு உண்டு.

15 ஜனவரி, மாலை

"அந்தக் கணக்கே அப்போது தேவையில்லையாமே?" ஆமாம், அது தனிச் சோகம். அந்தக் கணக்கு நிலத்தில் நிற்கும்போது கருவியை நேர்ப்படுத்துவதற்கானது. புறப்பட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட்டது, கவுண்ட்டவுன் கடைசி நேரத்தில் நின்றால் சீக்கிரம் மறுபடி தொடங்குவதற்கு வசதியாக. ஏரியான் 5க்கு அந்த வசதி வேண்டியிருக்கவில்லை. வேலை செய்வதை ஏன் தொடுவானேன் என்று விட்டுவைத்தார்கள். எங்கள் ஆபீஸில் இருக்கும் பாதி கோடுக்கும் இதுதான் ஜாதகம்.

16 ஜனவரி

அலகு என்றால் நாசாவின் செவ்வாய்க் கலமான மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டரை இழுக்காமல் யாராலும் இருக்க முடியாது, ஒருவர் இழுத்துவிட்டார். 1998 டிசம்பர் 11ல் கிளம்பியது, 1999 செப்டம்பர் 23ல் செவ்வாயை அடைந்தபோது தொலைந்தது. தரையில் ஓடிய மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை விநாடியில் கொடுத்தது, வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் ஏறத்தாழ 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது.

ஆனால் இதை என் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. இடைமுக ஆவணத்தில் மெட்ரிக் அலகு என்று தெளிவாக எழுதியிருந்தது. கமெண்ட் இருந்தது, கோடு அதைக் கேட்கவில்லை. அலகு விஷயத்தில் கமெண்டைவிட வகை மேல் என்று 9ஆம் தேதி சொன்னதற்கு வேண்டுமானால் இது சாட்சி. எஃப்-ஷார்ப் மொழியில் எண்ணின் வகையோடு அலகையும் சேர்த்து எழுதலாம், மீட்டரோடு விநாடியைக் கூட்டினால் கம்பைலரே (கோடைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் நிரல்) திட்டும். மற்ற மொழிக்காரர்கள் 'நியூட்டன்செகண்ட்' என்று சின்ன க்ளாஸ் ஒன்று செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆக இரண்டு விபத்தும் இரண்டு ரகம். மார்ஸ் விஷயத்தை வகையால் தடுத்திருக்கலாம். ஏரியானில் வகை, பெயர் எல்லாம் சரியாகவே இருந்தன. 'இது ஏன் போதும் என்று நினைத்தோம்' என்பதை எந்த டேட்டா வகைக்குள்ளும் எழுத முடியாது. அதை மனிதர் மனிதருக்குத்தான் சொல்ல வேண்டும்.

20 ஜனவரி

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து ஒரு நியாயமான கொக்கி போட்டிருக்கிறார்: 'என் வேரியபிள்கள் எல்லாம் பிரைவேட். க்ளாஸைப் பயன்படுத்துகிறவர் அவற்றைப் பார்க்கவே கூடாது என்பதுதானே என்கேப்சுலேஷன்? பார்க்கக் கூடாததற்கு ஏன் ஆவணம்?'

மறுபடி பயன்படுத்துவது என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அது பல விதம். கூப்பிட்டுப் பயன்படுத்துகிறவர் மெத்தடையும் கன்ஸ்ட்ரக்டரையும்தான் பார்ப்பார். அலகு, எல்லை, நல் வரலாமா என்பதெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். கமெண்டிலிருந்து ஆவணம் தயாரிக்கும் ஜாவாடாக்கும் தானாகவே பிரைவேட் ஃபீல்டுகளை விட்டுவிடும், தனியாகச் சொன்னால்தான் சேர்க்கும். நம் 'ரேட்' விஷயத்தில் அந்த ஒரு வரி கன்ஸ்ட்ரக்டரிலும் இருந்திருக்க வேண்டும்.

நீட்டித்துப் பயன்படுத்துகிறவர், அதாவது எக்ஸ்டெண்ட்ஸ் போடுகிறவர், ப்ரொடெக்டட் ஃபீல்டுகளை (நீட்டிக்கும் க்ளாஸும் தொடக்கூடியவை) தொடுவார். அவருக்கு அந்த வேரியபிள்தான் ஒப்பந்தம். தகவலை முன்கூட்டியே கொஞ்சம் படித்து வைத்துக்கொள்ளும் ஜாவாவின் பஃபர்டுஇன்புட்ஸ்ட்ரீமைத் திறந்து பாருங்கள். 'பாஸ்' என்று ஒரு இன்ட். அதன் மேலே இருப்பதன் சாரம் இது: அடுத்துப் படிக்க வேண்டிய பைட்டின் இடம்; எப்போதும் 0 முதல் 'கவுண்ட்' (படித்து வைத்திருக்கும் அளவு) வரை இருக்கும்; கவுண்ட்டுக்குக் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் இருப்பதே அடுத்த பைட்; சமமாக இருந்தால் உள்ளிருந்து இன்னும் கொண்டுவர வேண்டும். 'மார்க்பாஸ்' (திரும்பி வரக் குறித்து வைத்த இடம்) மைனஸ் 1 முதல் 'பாஸ்' வரை. மூன்று வேரியபிளும் ஒன்றையொன்று எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு ஒரு சப்க்ளாஸ் (நீட்டித்து எழுதும் க்ளாஸ்) எழுத உடம்பில் தைரியம் வரும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அப்ஸ்ட்ராக்ட்லிஸ்டின் 'மாட்கவுண்ட்'. லிஸ்டின் அளவோ அமைப்போ எத்தனை முறை மாறியது என்று எண்ணிக்கொண்டிருக்கும். அதோடு நிற்காமல், சப்க்ளாஸ் எழுதுகிறவர் இதைப் பயன்படுத்துவது அவர் இஷ்டம், பயன்படுத்துவதென்றால் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் கூட்டினால் போதும், ஒரு அழைப்புக்கு ஒன்றுக்கு மேல் கூட்டாதே, கூட்டினால் இட்டரேட்டர் (லிஸ்டை ஒவ்வொன்றாகப் படித்துப் போவது) இல்லாத பிரச்சினைக்கு எக்ஸெப்ஷன் வீசும் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. வேரியபிளுக்கு ஆவணம் என்றால் இது.

மூன்றாவது விதம், பாடப்புத்தகத்தில் இருக்காது: ஃபைலை அப்படியே காப்பி அடித்துத் தன் ப்ராஜெக்டில் ஒட்டிக்கொள்வது. நான் பார்த்த வரையில் நம் ஊர் ஆபீஸ்களில் மறுபயன்பாடு என்பது பெரும்பாலும் இதுதான். இவருக்கு பிரைவேட்டாவது மண்ணாவது, எல்லாமே அவர் கையில். ஏரியான் 5 செய்ததும் ஏறக்குறைய இதுதானே.

21 ஜனவரி

"பாடப்புத்தகத்தில் இருக்காது, ஆனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'மாடுலர் ரீயூஸ்' என்று இருக்கும்" என எழுதிய மகராசருக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.

2 பிப்ரவரி

பழைய கமெண்ட் பொய் சொல்லும், அதைவிடக் கமெண்ட் இல்லாததே மேல் என்ற வாதம் வந்திருக்கிறது. வந்தே தீரும் வாதம். எனக்கும் அதில் பாதி உடன்பாடு உண்டு. மதிப்பைச் சொல்லும் கமெண்ட் சீக்கிரம் கெட்டுப்போகும், 'இப்போது 5 நிமிடம்' என்பது போல. மதிப்பை 10 ஆக்குகிறவர் மேல் வரியைப் பார்க்கமாட்டார். காரணத்தைச் சொல்லும் கமெண்ட் அவ்வளவு சீக்கிரம் கெடாது, ஏனென்றால் காரணம் மாறினால்தான் கோடே மாறும்.

பழைய கமெண்டை எப்படித் திருத்துவது என்பதற்கு சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் ஜாவா க்ளாஸான ஹேஷ்மேப்பின் 'த்ரெஷ்ஹோல்ட்' ஃபீல்டைப் பாருங்கள். மேலே இருக்கும் விளக்கம்: எந்த அளவு வந்தால் பெரிதாக்க வேண்டுமோ அந்த அளவு, அதாவது கொள்ளளவு பெருக்கல் லோட் ஃபேக்டர் (எவ்வளவு நிரம்பலாம் என்ற விகிதம்). சுத்தமான வரி. உடனே கீழே அடைப்புக்குறிக்குள் இன்னொரு குறிப்பு: மேலே சொன்னது சீரியலைஸ் (சேமிக்க அல்லது அனுப்ப ஏற்ற வடிவமாக மாறுவது) ஆகும்போது உண்மை; அது தவிர, உள்ளே டேபிளே இன்னும் ஒதுக்கப்படவில்லை என்றால் இந்த ஃபீல்டில் இருப்பது ஆரம்பக் கொள்ளளவு; 0 என்றால் வழக்கமான கொள்ளளவு.

ஒரு இன்ட்டுக்குள் மூன்று குடித்தனம். வடிவமைப்பு என்று பார்த்தால் மார்க் போடமாட்டேன், ஆனால் அந்த அடைப்புக்குறி நேர்மையானது. 'மேலே எழுதியது எப்போதும் உண்மையில்லை, எப்போது இல்லை என்றால்...' என்று அதே இடத்தில் சொல்லிவிட்டது. அது இல்லாமல், 16 கொள்ளளவு கேட்டு உருவாக்கி இன்னும் எதுவும் போடாத மேப்பை டீபக்கரில் (ஓடும் கோடின் உள்ளே பார்க்கும் கருவி) பார்க்கிறவர் த்ரெஷ்ஹோல்ட் 16 என்று காட்டுவதைக் கண்டு அரை நாள் தலையைச் சொறிவார்.

8 பிப்ரவரி

பைத்தான்காரர்கள் தனியாக வந்து நிற்கிறார்கள். உங்கள் கஷ்டம் வேறு. ஃபங்ஷனுக்கும் க்ளாஸுக்கும் டாக்ஸ்ட்ரிங் (கோடோடு சேர்த்து எழுதும் விளக்கம்) உண்டு, வேரியபிளுக்குக் கிடையாது. அதற்கும் வேண்டும் என்று 2000ல் ஒரு முன்மொழிவு, பெப் 224, எழுதினார்கள், நிராகரித்துவிட்டார்கள். வேரியபிளுக்குக் கீழே ஒரு ஸ்ட்ரிங் எழுதினால் பைத்தான் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும், ஹெல்ப் கேட்டால் காட்டாது. ஆவணம் தயாரிக்கும் ஸ்ஃபிங்க்ஸ் கருவி மட்டும் மூல ஃபைலைப் படித்து அதை எடுத்துக்கொள்ளும். ஹாஷ் குறிக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி போட்டு எழுதும் கமெண்டையும் எடுக்கும்.

2016ல் வந்த 3.6லிருந்து வேரியபிளுக்கு வகை எழுதலாம். அதனால் முன்பு கமெண்டில் எழுதிய 'இது ஸ்ட்ரிங், நன் வரலாம்' (நன் என்பது பைத்தானின் 'நல்') போன்றவை இனி அங்கே வேண்டாம். மிச்சம் இருப்பதை க்ளாஸின் டாக்ஸ்ட்ரிங்கிலேயே ஒரு பத்தியாக எழுதுவது என் வழக்கம். ஹெல்ப் அதையாவது காட்டும்.

15 பிப்ரவரி

கமெண்டைத் தமிழில் எழுதலாமா என்று ஒரு கேள்வி. டீமில் எல்லோருக்கும் படிக்கத் தெரிந்தால் எழுதுங்கள், யார் தடுத்தார்கள்? ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் 'வட்டி விகிதம்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும் பையன்கள், தமிழில் எழுதச் சொன்னால் 'இது வருடத்துக்கு, அந்தப் பக்கம் சதவீதமாகத்தான் அனுப்புகிறார்கள், நாம் வகுத்துக்கொள்கிறோம்' என்று முழுக்கதையும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேரியபிள் பெயரையே தமிழில் வைப்பது வேறு விஷயம். ஜாவா, பைத்தான் 3 இரண்டுமே அனுமதிக்கும். ஆனால் 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு தனிக் குறியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றாகத்தான் தெரியும். பைத்தான் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஜாவா கொண்டுவராது, இரண்டும் வெவ்வேறு வேரியபிள் என்றே எடுத்துக்கொள்ளும். 'கொள்ளளவு' என்று அறிவித்துவிட்டு 'கொள்ளளவு' எங்கே என்று கம்பைலர் கேட்டால் கண்ணைக் கசக்கிப் பார்த்தும் பலனில்லை, கீபோர்டைப் பாருங்கள்.

தலைப்பை விட்டு எங்கோ போய்விட்டேன்.

3 மார்ச்

அனுமானத்தை எழுது என்று சொல்வது சுலபம், எது அனுமானம் என்று எழுதும்போதே எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நல்ல கேள்வி. ஏரியான்காரர்களுக்காவது அது ஒரு முடிவு என்று தெரிந்திருந்தது. நமக்குப் பல நேரம் அது அனுமானம் என்றே தெரியாது, உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'தொகை' என்று ஒரு லாங், பைசாவில். ரேஸர்பே போன்ற பேமெண்ட் கேட்வேக்கள் பைசாவில்தான் கேட்கும் என்பதால் இது பலரும் எழுதுவது. கமெண்ட்: 'ரூபாயை 100ஆல் பெருக்கியது'. இந்தியாவுக்குள் குற்றமில்லை. இந்த க்ளாஸை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எடுத்துப் போட்டால்? ஜப்பான் யென்னுக்குச் சில்லறையே கிடையாது. 500 யென் என்றால் 500தான். குவைத் தினாருக்கு 1,000 ஃபில்ஸ், மூன்று தசம இடம். 100 என்பது ரூபாயின் குணம், பணத்தின் குணம் அல்ல. எழுதியவர் ரூபாயைத் தவிர வேறு காசைத் தொடாதவர் என்றால் அவருக்கு அது தோன்றவே தோன்றாது.

அதனால் நான் இப்போது செய்வது இது: கோடில் வெறும் எண்ணாக வரும் இடத்தில், 100, 12, 24, 365, 60, கொஞ்சம் நின்று 'இது எந்த ஊரில் உண்மை' என்று கேட்டுக்கொள்வது. 24ஐக்கூட விடாதீர்கள். கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் வருடத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், இன்னொரு நாளுக்கு 25. 'ஒருநாள்மில்லிஸ்' என்று ஒரு மாறிலி வைத்து நாளைக் கூட்டும் க்ளாஸ் இந்தியாவில் ஆயுள் முழுக்க ஒழுங்காக ஓடும், லண்டனுக்கு விசா வாங்கிய அன்றே காலை வாரிவிடும்.

எல்லா அனுமானமும் இதில் சிக்காது. ரிவ்யூ செய்கிறவர் வேறு டீம் ஆளாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சிக்கும். அவர் கேட்கும் அசட்டுக் கேள்விகளுக்குச் சொல்லும் பதிலை அப்படியே கமெண்டாக ஒட்டிவிடலாம்.

9 மார்ச்

"இனி ஏஐ எழுதித் தரும், நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" எழுதிப் பார்க்கச் சொன்னேன். என் க்ளாஸில் இருந்த எல்லா ஃபீல்டுக்கும் நொடியில் கமெண்ட் போட்டது. 'ரீட்ரைகவுண்ட்: மறுமுயற்சிகளின் எண்ணிக்கை.' மறுபடியும் அதே ஊறுகாய் பாட்டில், இந்த முறை அழகான இலக்கணத்தில். கோடைப் படித்தால் தெரிவதை அதுவும் படித்துச் சொல்லும், சில நேரம் நம்மைவிட நன்றாகவே சொல்லும். மூன்று முறைக்கு மேல் முயன்றால் அந்தப் பக்கத்து சர்வர் நம் ஐபியை முடக்கிவிடும் என்று போனில் ஒருவர் என்னிடம் சொன்னது அதற்கு எப்படித் தெரியும்?

22 மார்ச்

மாறிலிகளைப் பற்றிக் கேட்டவருக்கு, தாமதமாக. மாறிலிக்குப் பெயர் வைத்துவிட்டால் அது 'மேஜிக் நம்பர்' (காரணம் தெரியாத வெறும் எண்) இல்லை என்று ரிவ்யூவில் டிக் அடித்துவிடுகிறார்கள். 'மேக்ஸ்ரீட்ரை 3' என்று எழுதியாயிற்று, மந்திரம் போய்விட்டதா? எதற்கு 3, ஏன் 4 கூடாது?

மறுபடி ஹேஷ்மேப்தான், என்ன செய்வது. ஒரே பக்கெட்டில் (ஹேஷ்மேப் சாவிகளைப் பிரித்து வைக்கும் அறை) நிறைய சாவிகள் விழுந்தால் அந்தத் தொடர் பட்டியலை மரமாக மாற்றும் வேலை 2014ல் ஜாவா 8ல் வந்தது. எத்தனை விழுந்தால் மாற்றுவது? 8. 'ட்ரீஃபை த்ரெஷ்ஹோல்ட்' என்று மாறிலி. ஏன் 8 என்று அந்த ஃபைலின் மேல்பகுதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்: மர நோடு சாதாரண நோடைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் பிடிக்கும், அதனால் அவசியம் வந்தால்தான் மாற்ற வேண்டும், ஹேஷ்கோடுகள் நன்றாகப் பரவியிருந்து லோட் ஃபேக்டர் வழக்கமான 0.75 என்றால் ஒரு பக்கெட்டில் விழும் எண்ணிக்கை சுமார் 0.5 சராசரியுள்ள பாய்சான் பரவலை (எத்தனை விழும் என்பதற்கான ஒரு நிகழ்தகவுக் கணக்கு) ஒட்டி வரும். கீழே அட்டவணையே இருக்கிறது. காலியாக இருக்க வாய்ப்பு 0.60653066, ஒன்று இருக்க 0.30326533, அப்படியே இறங்கி 8 இருக்க 0.00000006.

ஆக 8 வருவதென்றால் ஒன்று கோடியில் ஒரு அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் யாரோ ஹேஷ்கோட் மெத்தடை மோசமாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் தேவைக்கு இந்த க்ளாஸைக் காப்பி அடித்து லோட் ஃபேக்டரை 3 ஆக்கினால் இந்த அட்டவணை செல்லாது, 8ஐயும் மறுபடி கணக்குப் போட்டாக வேண்டும். அதுவும் அந்தக் கமெண்டைப் படித்தாலே தெரிந்துவிடுகிறது.